உருக்குக் கண்ணால் பார்த்த சிறுநீரகம்

அந்த இரண்டு நாளும் பயத்தில் நான் செய்தது எல்லாமே மடத்தனம். மறைத்துப் பிரயோசனமில்லை, சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். உருக்குத் துண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே கட்டம் கட்டமாகத் தெரியும். கட்டம் பொடியாக இருந்தால் நல்ல உருக்கு. பெரிதாக இருந்தால் உடையும், தள்ளிவிட வேண்டியதுதான். மைக்ராஸ்கோப்பின் தலையில் கேமராவை மாட்டிப் படம் எடுத்து, சுவரில் தொங்கும் அட்டையோடு ஒப்பிட்டுத் தரம் போடுவேன். பத்து வருஷமாக அதே வேலை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். அடங்கிக் கிடக்குமா, பரவுமா என்பதை எடுத்த சதையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அவள் வீட்டுக்கு வந்த பிறகும் அங்கிருந்த டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. சதையை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிய கண்ணாடி ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்து, மறுநாள் வேறொரு பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார். அப்போதெல்லாம் வீட்டாரேதான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

மறுநாள்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போனேன். எங்கள் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் மேலிருந்து விழும், இரும்புக்கு அது போதும். சதைக்கு வெளிச்சம் கீழிருந்து வர வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐயோ! பெரிய பெரிய கட்டங்கள். ஐந்து படம் எடுத்துக் கழுவிப் பார்த்தால், கறுப்பு வெள்ளையில் அப்படியே கெட்டுப்போன உருக்கு. தள்ளிவிட வேண்டிய சரக்கு என்றது என் மூளை. அந்த மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நெமிலிச்சேரி வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு முழம் முல்லைப்பூ வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து பூ வாங்கிக் கொடுத்தவனில்லை நான். பாயில் சாய்ந்திருந்தவள் பூவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பூவெல்லாம் பலமா கீது? நான் பூடுவேன்னு சொல்ட்டாங்களா?"

"சீ, வாயக் கழுவு."

"கண்ணெல்லாம் செவந்து கீது. எங்கிட்டயே மறைக்கிறியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பூவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாரிவாக்கத்துல கீற என் தங்கச்சியக் கட்டிக்கோ. வேற எவளாச்சும் வந்தா என் புள்ளைங்களப் பட்டினி போடுவா. சரின்னு சொல்லு."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். சாகப்போகிறவள் கேட்கிறாள், மறுத்தால் மனசு உடைந்துவிடுமே என்று நினைத்தேன். "சரி" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் ஸ்லைடையும் படங்களையும் நீட்டி, செய்ததை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்க லேப்ல இப்படிப் படம் எடுக்குற வசதியே இல்லையேய்யா! எத்தனை மடங்கு பெரிசு பண்ணினது?"

"ஐந்நூறு மடங்கு சார். கட்டம் இவ்ளோ பெரிசா இருக்கே... பொழைக்க மாட்டாளா சார்?"

"இது என்ன இரும்பா? கட்டத்தைப் பார்க்காதே. இந்த நோய்ல செல்லு ஊதித்தான் இருக்கும், உள்ளே கொழுப்பு. நடுவுல கறுப்பா ஒரு புள்ளி இருக்கு பாரு. அது வீங்கிக் கோணல்மாணலா இருந்தாத்தான் ஆபத்து."

ஸ்கேலை வைத்துப் படத்தில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு ஸ்லைடைத் தன் மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சின்னதா, உருண்டையா, ஒரே மாதிரி இருக்கு. நாலு தரத்துல இது ரெண்டாவது, நாலாவதுதான் மோசம். பிழைச்சுக்குவா. ஆனா வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டணும்."

அங்கேயே அழுதுவிட்டேன். ஓட்டமும் நடையுமாக வந்து வீட்டில் சொன்னேன். அவளும் அழுதாள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் விளையாடப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சியக் கட்டிக்கோன்னு நான்தான் கேட்டேன், இல்லேங்கல. ஆனா நீ ஒரு தபாகூட 'வாணாம், நீ பொழைச்சுப்ப'ன்னு சொல்லலியேய்யா."

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தன. ஆனாலும் தங்கை வந்திருக்கும் நாட்களில், காய்ச்சலில் கிடந்தால்கூட, எனக்குச் சோறு போடத் தங்கையை விடாமல் என் மனைவியேதான் எழுந்து வருவாள்.