கடைசி வரிசையில் எரிந்த விளக்கு

தொண்ணூறுகளின் தொடக்கம். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில், இன்று அடுக்குமாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற ஓர் இடத்தில், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற திறந்தவெளி தியேட்டர் ஒன்று கொஞ்ச வருஷம் ஓடியது. டிரைவ்-இன் என்று போர்டு எழுதியிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அது 'கார் கொட்டாய்'. பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அங்கேதான் முதல் வேலை.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிலத்தை வரிசை வரிசையாக மேடு கட்டி, காரின் மூக்கு கொஞ்சம் தூக்கினாற்போல நிற்கும்படி செய்திருந்தார்கள். ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு நம்பர், ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியைக் கழற்றி உள்ளே கார் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் படத்தின் சத்தம் காருக்குள் கேட்கும். படம் முடிந்ததும் அதைத் திரும்ப மாட்ட மறந்து, வயரோடு பிய்த்துக்கொண்டு போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். விசில் அடிப்பதற்குப் பதிலாக இங்கே ஹாரன். ஹீரோ வந்தால் ஹாரன், சண்டைக்கு ஹாரன், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் தலைக்கு மேலே போய் வசனம் கேட்காமல் போனால் அதற்கும் ஹாரன்.

போனில் டிக்கெட் பதிவு செய்வது என் வேலை. கூடவே ஒரு மைக். மைதானத்தின் நடுவில் இருந்த புரொஜெக்டர் கட்டடத்தில், ஆபரேட்டர் அறைக்குப் பக்கத்து அறை எனக்கு. ஜன்னல் திரையைப் பார்த்து இருக்கும். முதுகுப்புறம் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் பின் வரிசைகள் தெரியும். யாராவது கார் விளக்கை எரியவிட்டால் வெளிச்சம் திரையில் விழுந்து படம் வெளுத்துப்போகும். உடனே நான் மைக்கில், "இத்தனாவது வரிசை, இத்தனாம் நம்பர் கம்பம், தயவுசெய்து விளக்கை அணையுங்கள்" என்று சொல்ல வேண்டும். எல்லா ஸ்பீக்கரிலும் என் குரல் கேட்கும்.

முதல் மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏதோ குறும்பில், "சார், ஹீரோயின் ஏற்கெனவே பளிச்சுன்னுதான் இருக்காங்க, நீங்க வேற டார்ச் அடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன். மைதானமே ஹாரன் அடித்துச் சிரித்தது. திட்டு விழும் என்று பயந்தால், முதலாளி படியேறி வந்து, "இதேமாதிரி பேசும்மா" என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? சர்ச் கொயரில் பத்தோடு பதினொன்றாகப் பாடிக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேச்சைக் கேட்பதற்காகவே சிலர் வேண்டுமென்றே விளக்கைப் போட்டார்கள். 'இன்னிக்கு ஸ்பீக்கர் பொண்ணு இருக்கா?' என்று போனில் கேட்டுவிட்டு டிக்கெட் பதிவு செய்தவர்களும் உண்டு. முன்பெல்லாம் விளக்கு எரிந்தால் டார்ச்சோடு காருக்குப் போய்ச் சொல்கிற இரண்டு ஊழியர்கள், 'அக்கா சொல்லிடும்' என்று ஷெட்டை விட்டு நகராமலே இருக்கப் பழகிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் முதல் காட்சிக்கு ஒரு வெள்ளை பியட் வரும். எப்போதும் கடைசி வரிசை, மூலைக் கம்பம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி கேன்டீனுக்கு நடந்துபோய் இரண்டு பிளேட் போண்டா வாங்கிப்போவார். கூட வந்த அம்மா காரை விட்டு இறங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. மற்ற குடும்பங்கள் எல்லாம் பாய் விரித்து, எலுமிச்சை சாதத்தைப் பிரித்து, குழந்தைகளை பானெட் மேல் ஏற்றி உட்கார்த்தித் திருவிழா நடத்தும்போது இந்த அம்மா மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தலையோடு சரி. "மகாராணிக்குத் தரையில கால் படக்கூடாது போல" என்று நான் ஆபரேட்டரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் சொன்னேன், அதுதான் உண்மை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐப்பசித் தூறல். முப்பது கார்கூட இல்லை. எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வைப்பரைப் போட்டுக்கொண்டு படம் பார்த்தார்கள். படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் இருக்கும். திரையில் பளீரென்று வெளிச்சம். அணைந்தது. மறுபடி எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மழை வழிகிற கண்ணாடியில் இரண்டு வட்ட வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மூலைக் கம்பம் என்பது மட்டும் புரிந்தது. அட, நம்ம மகாராணி கார்!

"கடைசி வரிசை பியட் சார், பக்கத்து சீட்டு அக்கா முகத்தைப் பாக்கணும்னா உள் லைட்டு போதுமே, முன் லைட்டு எதுக்கு?" என்றேன். ஹாரன் சத்தம். விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை மாதமாக முகம் கொடுக்காத கார் இன்றைக்கு விளையாட வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். இன்னொன்று சொன்னேன். அது என்னவென்று இப்போது நினைவில் இல்லை. பிறகு அந்தக் காரிலிருந்து ஹாரன் வந்தது. விட்டுவிட்டு அல்ல, கையை எடுக்காமல் ஒரே நீளமாக. மற்ற கார்களும் சேர்ந்துகொண்டன.

"லைட்டும் போட்டாச்சு, மேளமும் வந்தாச்சு. சார், மாப்பிள்ளை அழைப்புக்கு வேற எடம் பாருங்க, இங்க படம் ஓடுது!"

அன்றைக்கு வந்த சிரிப்புச் சத்தம்போல நான் வாங்கியதே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஹாரன் நின்றது. விளக்கு மட்டும் எரிந்தபடியே இருந்தது. ஜெயித்துவிட்ட நினைப்பில் நான் டீயைக் குடிக்க ஆரம்பித்தேன்.

பாதி டீகூடக் குடித்திருக்க மாட்டேன். கேன்டீன்கார அண்ணன் தொப்பலாக நனைந்து, படியில் தடதடவென்று ஓடி வந்தார். "இன்னாமா மைக்குல சிரிச்சிகினு கீற! அங்க அந்தம்மா சேத்துல தவுந்துகினு வருது. நடக்க முடியாதவங்கமா அவங்க! வூட்டுக்காரரு ஸ்டீரிங் மேல சாஞ்சு கெடக்குறாரு, பேச்சு மூச்சு இல்ல!"

டிபன் தட்டோடு ஒரு காருக்குப் போனவர், தரையில் ஏதோ அசைவதைப் பார்த்துக் கிட்டே போயிருக்கிறார். போலியோவில் இரண்டு காலும் போன அம்மா. பக்கத்து சீட்டிலிருந்து எட்டி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, ஹாரனை அழுத்தி, யாரும் வராமல் போகவே, கதவைத் திறந்து கீழே விழுந்து, கையை ஊன்றி ஊன்றி வெளிச்சம் தெரிந்த கேன்டீன் பக்கமாக வந்திருக்கிறார்.

மைக்கைப் பிடித்தேன். "டாக்டர் யாராவது இருந்தா கடைசி வரிசைக்கு உடனே வாங்க, ஒருத்தருக்கு நெஞ்சு வலி" என்றேன்.

பதிலுக்கு என்ன வந்தது தெரியுமா? ஹாரன். நாலு பக்கமிருந்தும். நான் அடுத்த ஜோக்கை ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். அப்படிக் கேட்கப் பழக்கியவளே நான்தானே. "ஜோக் இல்ல, சத்தியமா ஜோக் இல்ல, யாராவது வாங்களேன்" என்று மைக்கிலேயே அழுதேன். அதற்கப்புறம்தான் மைதானம் அடங்கியது. அந்த பியட்டுக்கு நாலு காருக்கு முன்னால் இருந்த ஒரு மாருதியின் கதவு திறந்தது. குடை பிடித்துக்கொண்டு ஓடியவர் டாக்டர்.

நாலே நாலு கார். அவர் அங்கேதான் முதலிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

நான் கீழே இறங்கி ஓடும்போது, பியட்காரரை வெளியே எடுத்துப் படுக்கவைத்து டாக்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஊழியர்கள் முதலாளியின் ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவைக் கேன்டீன் அண்ணன் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி உட்காரவைத்தார். புடவை முழுக்கச் சேறு. என்னை அவர் பார்க்கவில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

ஜீப்பில் இடமில்லாமல் பின்தங்கிவிட்ட டாக்டர், கேன்டீனில் கை கழுவினார். "நீங்க மொதல்ல கூப்பிட்டப்ப நானும் சிரிச்சேம்மா" என்றார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக நான் முடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் எனக்கு விடுதலை இல்லை. மூலைக் கம்பத்தில் பியட் அப்படியே நின்றது. அதன் கண்ணாடியில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் படத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, கேன்டீன் அண்ணனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு கீழ்க்கட்டளையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் படியே இல்லை. சக்கர நாற்காலி ஏற வசதியாகச் சரிவாக சிமென்ட் பூசியிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அந்த அம்மாவின் தங்கை கதவைத் திறந்தார். உள்ளே சக்கர நாற்காலியில் அந்த அம்மா இருந்தார்.

"அக்கா..." என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"நீ அந்த ஸ்பீக்கர் பொண்ணுதானே?" என்றார். "குரலே சொல்லுதே. உக்காரும்மா."

திட்டுவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் சாதாரணமாகப் பேசினார். கல்யாணமாகி எட்டு வருஷம் அவர் தியேட்டர் பக்கமே போனதில்லையாம். எல்லா இடத்திலும் படி. கணவர் தூக்கிக்கொண்டு ஏறினால் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கார் கொட்டாய் வந்த பிறகுதான் செவ்வாய்க்கிழமை தோறும் படம்.

"அவருக்கு உன் பேச்சு ரொம்பப் பிடிக்கும். நாமளும் ஒரு நாளைக்கு லைட்டைப் போட்டுப் பாக்கலாமா, அந்தப் பொண்ணு நம்மளை என்ன சொல்லுதுன்னு கேக்கலாம்பாரு. நான்தான் வேணாம்னுடுவேன். எல்லாரும் நம்ம காரைத் திரும்பிப் பாப்பாங்களேன்னு."

நான் குனிந்துகொண்டேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவரே சொன்னார்.

"அந்தப் பெட்டியில நாம பேசினா உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றவ நான். ஆனா உன் குரல் அவ்ளோ பக்கத்துல இருந்துச்சும்மா. வேற யாரும் இல்ல. அதைக் கையில புடிச்சுக்கிட்டு, பொண்ணே, இவரு அசையலைம்மா, யாரையாவது அனுப்பேன்னு உன்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பதான் நீ மாப்பிள்ளை அழைப்புன்னே."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். தங்கை கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, 'வரேன்க்கா' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான் கேட்காத அந்த மன்னிப்பு இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வருஷமே மறுபடி ஒருமுறை போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அடுத்த வருஷம் போனபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். தங்கை அவரைத் தன் ஊருக்கே கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மைக்கில் கம்ப நம்பரைத் தவிர வேறெதுவும் நான் சொல்லவில்லை. விளக்கு எரிந்தால், முதலில் டார்ச்சோடு ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் சொல்வேன். முதலாளி, "என்னம்மா, கூட்டம் குறையுதே" என்றார். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். கொஞ்ச காலத்தில் தியேட்டரையும் மூடினார்கள்.

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன். வேளச்சேரி ரோட்டில் ஹாரனுக்குப் பஞ்சமா? யாராவது கையை எடுக்காமல் அடித்தால், என் மகன், "எந்த மகாராஜாவுக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேலி செய்வான். நான் மட்டும் திரும்பி அந்த வண்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்ப்பேன். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அங்கே ஒன்றும் இருக்காது, என்னைத்தான் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும். என்னை நம்பி ஒரு பெட்டியிடம் உதவி கேட்ட அந்த அக்காவுக்கு, அன்றைக்கு நான் ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.