ரெண்டாயிரம் கல்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் செங்கல்வராயனிடம் போய், "அண்ணே, வண்டிக்கு ஆயில் எப்ப மாத்தணும்?" என்று கேட்டுவிட்டால், கேட்டவன் பிடிக்க வந்த ரயிலை மறந்துவிட வேண்டியதுதான். எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பியபோது, மேனேஜர்களுக்குக் கார் ஓட்ட வந்த இளவட்டங்கள் அவரைத் தேடி வந்து கேட்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒன்று போட்டிருக்கும், ஒர்க்‌ஷாப்பில் ஒன்று சொல்வார்கள், மேனேஜர் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைப்பார். செங்கல்வராயன் மூன்றையும் ஒதுக்கிவிடுவார். "ரெண்டாயிரம் கல்லு. அதுக்கு மேல ஒரு கல்லு போவக்கூடாது" என்பார். யாராவது விவரமானவன், "கல்லுன்னா மைலா, கிலோமீட்டரா?" என்று கேட்டுவிட்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் அவர் ஒருநாள் அழுதிருக்கிறார் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

அது அறுபத்தாறாம் வருஷம். பக்கத்து ஆரணியில் நாற்பது காணி நிலம் வைத்திருந்த ஜானகியம்மாளுக்குச் சொந்தமான அம்பாசடரை, ஸ்டேஷனில் வாடகை வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தார் செங்கல்வராயன். ஜானகியம்மாளின் கணவர் ஆசையாக வாங்கிய வண்டி அது. அவர் போன பிறகு, நிலத்தையும் வண்டியையும் அந்த அம்மாளே கட்டி மேய்த்தார். செங்கல்வராயனுக்கோ அந்த வண்டிதான் உலகம். ஊரில் அவருக்கு மரியாதை இருந்ததென்றால் அது அந்தச் சாவி அவர் இடுப்பில் தொங்கியதால்தான். அதை அவரே மறைக்காமல் சொல்வார்.

வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. செங்கல்வராயன் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. மதராஸில் வேலை பழகியபோது ஃபோர்மேன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்று என்பது. நம் பக்கத்தில் மைலை யார் மைல் என்று சொன்னார்கள்? ரோட்டோரம் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்ததால் அதன் பெயரும் கல்தான். பொன்னேரி எவ்வளவு தூரம் என்றால் இத்தனை கல் என்பார்கள். ஆகவே செங்கல்வராயனும் கல்லை எண்ணினார். கவரைப்பேட்டையிலிருந்து மதராஸுக்கு இருபத்தாறு கல், போக வர ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு நடைக்கும் டிக்கி மூடியின் உட்புறத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு. நடுவில் ஊருக்குள் ஓடும் குட்டிச் சவாரிகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பத்தெட்டுக் கோடு விழுந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கொதிக்கக் கொதிக்க பழைய ஆயிலை இறக்கிவிட்டு, புது டின்னை உடைத்து ஊற்றுவார். காலி டின் கணக்குக்காக ஆரணி வீட்டுக்குப் போய்விடும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கணக்கில் ரோட்டுக்காரர்கள் வந்து கை வைத்தார்கள். தை மாதத்தில் பழைய கற்களைப் பிடுங்கிவிட்டு, மஞ்சள் தலையோடு புதுக் கற்களை நட்டுக்கொண்டே போனார்கள். வேலை முடிந்ததும் செங்கல்வராயன் மதராஸ் வரை எண்ணிப் பார்த்தார். நாற்பத்திரண்டு கல்.

வேறு ஒருவனாக இருந்தால் குழம்பியிருப்பான். நம்ம ஆள் குழம்பவே இல்லை. ஸ்டாண்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விளக்கம் வேறு சொன்னார்: "வெள்ளைக்காரன் குதிர மேல போய்க்கினு குத்துமதிப்பா அளந்துட்டான் நைனா. இப்பதான் நம்ம சர்க்காரு சங்கிலி புடிச்சு கரெக்டா அளந்துகீது. இத்தினி நாளா எஞ்சினு பாவம், நமக்குத் தெரியாமலே எக்ஸ்ட்ராவா ஓடிக்கினு இருந்துச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு உறுதியாக ஒருவன் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? போக வர எண்பத்துநான்கு கல். அன்றிலிருந்து இருபத்துமூணு கோட்டுக்கே ஆயில் மாற்றினார்.

வருஷத்துக்கு ஒன்பது டின் போய்ச்சேர்ந்த வீட்டுக்கு, அடுத்த வருஷம் பதினாலு டின் போனது. ஜானகியம்மாளின் நிலபுலன்களுக்குக் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளைக்கு அது கண்ணில் உறுத்தியது. நல்ல ஆயிலை இறக்கி ஏதோ லாரிக்கு ஊற்றுகிறான் என்று அந்த அம்மாள் காதில் போட்டுவிட்டார். அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. செங்கல்வராயன் வண்டியோடு வந்தபோது, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் காதுபடவே கேட்டார்.

"ஏம்பா, அதே வண்டி, அதே நடை. டின்னு மட்டும் எப்பிடிப்பா ஏறுது? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லு. இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போ."

திருடன் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை, ஆனால் களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான் கேட்டது. செங்கல்வராயன் நிமிர்ந்து சொன்னார்: "நான் கல்ல எண்ணித்தாம்மா மாத்தறேன். நீங்களே வண்டில வந்து குந்துங்க. மதராஸ் வரைக்கும் எண்ணுங்க. ஒரு கல்லு கொறஞ்சாலும் நானே சாவியத் தந்துர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை ஜானகியம்மாள் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு சொம்பு, முந்தானையில் புளியங்கொட்டை. கவரைப்பேட்டை தாண்டியதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கொட்டை சொம்பில் விழுந்தது. செங்கல்வராயன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினார். கணக்கில் தனக்குத் தோல்வியே இல்லை என்ற நிச்சயம் அவருக்கு. காரனோடைப் பாலம் தாண்டி சோழவரம் நெருங்கும்போது சத்தம் நின்றுவிட்டது. பின்னால் சிரிப்பு கேட்டது.

"வண்டிய நிறுத்துப்பா. நான் பொறந்ததுலேர்ந்து சோழவரத்துக்கு மாட்டு வண்டில வந்துக்கினு இருக்கேன். ஊர்லேர்ந்து இங்க வரத்துக்குள்ள இத்தினி கல்லு கெடையாது. இதெல்லாம் மைல் கல்லு இல்ல, கிலோமீட்டர் கல்லு! மைலு பெருசு, கிலோமீட்டரு சின்னது. நீ சின்னத எண்ணிக்கினு பெரிசுக்கு உண்டான ஆயில ஊத்தறியே!"

திருடன் என்ற பெயர் அந்த இடத்திலேயே போய்விட்டது. செங்கல்வராயனுக்கு அதில் ஒரு நிம்மதியும் இல்லை. பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் கல்லைக்கூடப் பார்க்கத் தெரியாதவனாகிவிட்டான். ஸ்டாண்டில் சங்கிலி, குதிரை என்றெல்லாம் பேசியது நினைவுக்கு வந்ததும் காது சூடாகிவிட்டது. திருடன் பட்டமே தேவலை என்று நினைத்தார். அந்த மானக்கேட்டிலும் ஒன்று மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் எஞ்சின் சத்தமே இதமாக மாறியிருந்தது. அது காதில் கேட்ட விஷயம், எண்ணிக்கை இல்லை.

"கல்லுல நான் ஏமாந்துட்டேம்மா, ஒத்துக்கறேன். ஆனா எஞ்சின ஒரு வாட்டி தொறந்து பார்த்துட்டு அப்பால சாவிய வாங்கிக்குங்க."

சோழவரத்தில் மெக்கானிக் பரசுராமனின் ஷெட் இருந்தது. வருஷா வருஷம் அங்கே கார் ரேஸ் நடக்கும்போது, வெளியூர் வண்டிகளுக்குக் கை கொடுக்கிற ஆள் அவர். அவர் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள். பரசுராமன் நாஷ்டா தின்றுகொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்து, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே இரும்பு இரும்பாகவே தெரிந்தது. விரலால் தடவி, விரலை ஜானகியம்மாளிடம் காட்டினார். பிறகு பக்கத்தில் பிரித்துப்போட்டிருந்த இன்னொரு அம்பாசடரிடம் கூட்டிப்போனார். அதுவும் அதே வயது, அதே ரோட்டில் ஓடின வண்டி. உள்ளே கருப்பாக, வெல்லப்பாகு மாதிரி அப்பிக்கிடந்தது.

"இது எத்தினி மைலுக்கு மாத்துன வண்டி?" என்று ஜானகியம்மாள் கேட்டார்.

"சொல்லிவெச்ச மைலுக்கு சுத்தமா மாத்துனதுதாம்மா. அது நல்ல ரோட்டுக்குச் சொன்ன மைலு. இங்க லாரி போயி போயி ஒரே புழுதி. அதுவும் ஸ்டேஷன் வண்டிங்க, ரெண்டு பர்லாங் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். எஞ்சின் சூடாவறதுக்குள்ள நிறுத்துனா ஆயில் சீக்கிரம் கெட்டுப்பூடும். இன்னா கணக்கு போட்டானோ தெரியாது, இவன் மாத்துனதுதான் சரி. எஞ்சினுக்கு மைலு தெரியுமா, கிலோமீட்டரு தெரியுமா?"

ஆரணியில் களத்தோரம் வண்டியை நிறுத்தியதும், செங்கல்வராயன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து நீட்டினார். கணக்குத் தெரியாமல் செய்துவிட்டு அது சரியாகப் போனதற்குப் பெருமைப்பட அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. களத்தில் இருந்தவர்கள் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜானகியம்மாள் சாவியை வாங்கவில்லை. முதலில் கேட்ட அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் ஊட்ல குந்திக்கினு டின்ன எண்ணினேன். நீ வெயில்ல போய்க்கினு கல்ல எண்ணின. நீயே எண்ணுப்பா."

"அப்பிடின்னா இனிமே மைலாம்மா, கிலோமீட்டராம்மா?"

"கல்லு" என்று சொல்லிவிட்டு, சொம்பிலிருந்த புளியங்கொட்டையை எல்லாம் அவர் கையில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.