கரண்ட் இல்லாத லயத்தில் மின்னல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டுப் பதுளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், ஒழுகும் கூரைகளைப் பற்றி எழுதுவதற்காக ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. மின்சாரம் அங்கே இன்னும் வரவில்லை. ஆனால் நடுக் காம்பராவில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த வீட்டுக்காரர் அதைக் கார் பெட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தார். கூரைக்கு மேல், உயரமான இரும்புக் குழாயில் அன்டெனா. அது காற்றில் சாயாமலிருக்க இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று லயத்தின் கடைசிவரை நீண்டு, துணி காயப்போடும் கொடியாகவும் இருந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. நமுனுகுல மலை மறைந்துவிட்டது. செய்தி பார்க்க நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்றார் வீட்டுக்காரரின் மனைவி. “இடி இடிக்கையில அந்த அன்டெனா வயரக் கழட்டுங்கன்னா கேக்கவே மாட்டேங்குறாரு.”

“அடி போடி,” என்றார் வீட்டுக்காரர். “நம்ம லயத்துல கரண்டே இல்ல. மின்னல் இங்க வந்து என்னா பண்ணப் போகுது? அது கரண்டு இருக்குற தொர பங்களாவுக்குத்தான் போகும்.”

“ஆமா, தேத்தண்ணி குடிக்க,” என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். எல்லாரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தார்.

செய்தியின் கடைசியில், விண்வெளி ஓடமொன்றிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார்கள். இரவு நேரத்துப் பூமி. மேகங்கள் கறுப்பாகப் பரந்து கிடந்தன. அவற்றுக்குள்ளே ஓரிடத்தில் வெளிச்சம் பூத்து அணைந்தது. உடனே வெகு தூரத்தில் இன்னொன்று. கீழே நாம் பார்க்கும் கோடு இல்லை, கிளை இல்லை. சத்தமும் இல்லை. போர்வைக்குள் யாரோ டோர்ச் லைட்டை அடித்து விளையாடுவதுபோல இருந்தது.

“இது மேல இருந்து புடிச்சதா? நம்மளக் காணோமே!” என்றார் பக்கத்துக் காம்பராக்காரரின் மகள்.

“நீ மேகத்துக்கு அடியில கெடக்குற. எப்படித் தெரிவ?” என்றார் தகப்பனார்.

கூரையில் முதல் துளிகள் விழுந்தன. வீட்டுக்காரரின் மனைவி துணி எடுக்க வெளியே ஓடினார்.

பிறகு வெள்ளை. சத்தமென்று தனியாக எதையும் கேட்டதாக நினைவில்லை. நெஞ்சில் யாரோ குத்தியதுபோல இருந்தது. தொலைக்காட்சி செத்துப்போயிருந்தது. தீய்ந்த நாற்றம். வெளியே வந்தபோது லயத்தின் கடைசியில், கொடிக்குக் கீழே வீட்டுக்காரரின் மனைவி மல்லாந்து கிடந்தார். உடம்பில் காயமில்லை. மூச்சுமில்லை. தோளில் போட்டிருந்த துணிகள்கூடக் கலையவில்லை. மழை அவருடைய திறந்த கண்களில் விழுந்துகொண்டிருந்தது.

“தொடாதீங்க! ஒடம்புல கரண்டு இருக்கும்!” என்று யாரோ கத்தினார்கள். ஓடிவந்த கணவர் ஓரடி தூரத்தில் நின்றுவிட்டார். கைகள் நீண்டபடியே இருந்தன. அடுத்த கணம் அப்படியே மனைவிமேல் விழுந்தார். முதலுதவி முறை எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு கைகளாலும் நெஞ்சில் அடித்தார், உலுக்கினார், ஏசினார். “எந்திரி! எந்திரிடி! யாரக் கேட்டு வந்து படுத்துக்கிட்ட?” திடீரென்று அந்த உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. விக்கலைப் போல மூச்சு வந்தது.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்தவர்.

“உடம்பில கரண்ட் ஒண்டும் நிக்காது. ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று கடிந்துகொண்டார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “உயிருக்குப் பயமில்லை. ஆனா ரெண்டு செவிப்பறையும் கிழிஞ்சிட்டுது. கேக்குமோ எண்டு இப்ப சொல்லேலாது. பொறுத்துப் பாப்பம்.”

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பதுளையில் ஒரு இன்டர்நெட் கடையில், பூமியைச் சுற்றும் செய்மதிகள் மின்னலை எப்படிக் கணக்கெடுக்கின்றன என்று வாசித்தேன். மேகத்தின் உச்சியில் திடீரெனத் தோன்றும் பிரகாசத்தைத்தான் அவை பதிகின்றன. அந்த மின்னல் மேகத்துக்குள்ளேயே முடிந்ததா, தரைக்கு இறங்கியதா என்பதைச் செய்மதியின் அந்தக் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒரே இடத்தை அது எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை, கடந்து போய்விடும். அந்த வரிகளை மறுபடியும் வாசித்தேன். அன்று மாலை அப்படியொரு கண் எங்களுக்கு நேர்மேலே இருந்திருந்தாலும், அந்த லயத்தில் நடந்தது அதற்கு மேகத்தில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். கடைக்காரர் நேரம் முடிந்ததென்று சொல்லும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபத்துக்கு மறுநாள் மாலை, நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் வார்டுக்குப் போனேன். வீட்டுக்காரரின் மனைவி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணவர் கொண்டுவந்த தேநீரைப் பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கி ஊதிக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விபத்து நடந்ததிலிருந்து அவர் அழுததை நான் பார்க்கவில்லை.

வெளியே மழை இருட்டு. எங்கோ மிக அருகில் இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு தாதி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டார். வார்டிலிருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

அவர் மட்டும் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

கணவர் அதைப் பார்த்தார். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்க அழத் தொடங்கினார். அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்து, எங்களையும் பார்த்து, வார்டு முழுவதும் கேட்கும்படி உரத்த குரலில் கேட்டார்:

“என்னாங்க? யாருக்கு என்னா ஆச்சு?”