களப்புக்கரையில் வள்ளமும் கூடாரமும்

வாடகைக்கு வள்ளமும் கூடாரமும் கொடுப்பவனிடம் வருகிற எல்லாரும் லீவில் இருப்பார்கள். அவன் மட்டும் வேலையில் இருப்பான். விடுமுறை நாளில் கடமை பார்க்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். நான் வேலை பார்க்கும் படகுப் பூங்கா, கடல் உள்ளே புகுந்து ஏரிபோல் கிடக்கும் யாழ்ப்பாணக் களப்பின் ஓரத்தில் இருக்கிறது. சனநெருக்கடி இல்லை.

கண்டலுக்குள் இருவர்

கொக்குவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் வந்தார்கள். காணி விற்கிற சண்டையில் ஒரு மாதமாக இருவரும் கதைப்பதில்லை என்று கூட்டிவந்த மகள் எனக்குச் சொன்னா. மிதிபடகில் ஏற்றிவிட்டோம். சோழகக் காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டுபோய், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்களுக்குள் செருகிவிட்டது.

இடுப்பளவு தண்ணீரில் சேற்றை உழக்கிக்கொண்டு போய்ச் சேர எனக்கு நெடுநேரம் பிடித்தது. அம்மா தோடம்பழம் உரித்துக் கொடுக்க, ஆசிரியர் தின்றுகொண்டே கதைத்துக்கொண்டிருந்தார். பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அம்மா சொன்னா: “தம்பி, நீர் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம்.”

பாதியில் விட்ட வலை

வங்கியில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி எங்கள் வள்ளத்தில் போய், துடுப்பைத் தவறவிட்டாள். நீரோட்டம் வள்ளத்தைக் கடல்வாய்ப் பக்கம் இழுத்தது. எங்கள் இயந்திரப் படகோ அன்றைக்கென்று கிளம்பவில்லை. கரையில் நின்று கையை வீசிக் கத்தினேன்.

குருநகர் மீனவர் மரியதாஸ் அண்ணை அப்போது இறால் வலை இழுத்துக்கொண்டிருந்தார். பாதி இழுத்த வலையை அப்படியே விட்டுவிட்டுப் போய், அவளை வள்ளத்தோடு கட்டி இழுத்து வந்தார். அன்றைய இறால் போய்விட்டது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்: “நன்றியெல்லாம் வேண்டாம். உங்கடை வள்ளங்களை என்ரை வலைக்கு மேலாலை விடாமல் இருந்தால் காணும்.”

கூடார வாசலில்

மானிப்பாயில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவரும் பிள்ளைகளும் கூடாரத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். பிள்ளைகளின் தாயான அக்கா மட்டும் வாசலிலேயே நின்றா. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து முகாமில் கூடாரத்துக்குள் வளர்ந்தவ என்று கணவர் தணிந்த குரலில் சொன்னார். எங்கள் கட்டடத்தில் அறை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றா. கூடாரத்தைக் கழற்றி, வாசல் தண்ணீரைப் பார்க்கத் திருப்பி அடித்துக் கொடுத்தேன். உள்ளே போய், வாசல் ஜிப்பைத் தானே இழுத்து மூடி, திறந்து பார்த்தா. பிறகு படுத்தா.

காலையில் தேத்தண்ணி வாங்க வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “அப்ப முகாமிலை இருக்கச் சொன்னவை, இருந்தம். இப்ப நானா விரும்பிப் படுத்தன். நல்ல நித்திரை, தம்பி.”

மற்றவர்களின் லீவுதான் என் வேலைநாள். அப்படியும் எனக்கொரு லீவு கிடைத்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தக் களப்பைப் பார்க்கத்தான் வருகிறேன்.