அழகையாவின் விரல்கள் போன இடம்

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அழகையா பாதுகாப்புப் பாடம் நடத்துகிறார். படிப்பு ஆறாம் வகுப்பு. தகுதி, இடது கை. புதிதாக வேலைக்கு வருபவர்களை, கொழுந்தைக் கசக்கிச் சுருட்டும் ரோலர் இயந்திரத்தின் முன் நிறுத்தி அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். அதில் விரல்கள் குறைவு. அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

1999இல் ஓடுகிற ரோலரில் சிக்கிய கொழுந்தைக் கையால் தள்ளப் போனார். அன்று எல்லோரும் அப்படித்தான் தள்ளினார்கள். இயந்திரத்தை நிறுத்தினால்தான் ஏச்சு விழும். விரல்கள் ரோலருக்குள் போயின. ஆனால் விபத்துப் புத்தகத்தில் ஏறியது வேறு கதை: வீட்டில் விறகு வெட்டும்போது காயம். தொழிற்சாலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டும். விறகென்றால் அனுதாபம் போதும்.

பிற்பாடு, வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கத் தொடங்கினார்கள். ரோலருக்குக் கம்பிவலை வந்தது, சுவருக்குப் படங்கள் வந்தன, அழகையா ஆசிரியரானார். விரல் போன இடம் பாடத்தில் தொழிற்சாலை, புத்தகத்தில் வீடு. நிர்வாகம் இரண்டையும் ஒரே பக்தியோடு காப்பாற்றி வந்தது.

அடுத்த மாதம் ஓய்வு. அதற்குமுன் புத்தகம் திருத்தப்பட வேண்டும் என்பதே அழகையாவின் ஒரே ஆசை. விறகு வெட்டத் தெரியாதவன் என்று எழுத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் கஜேந்திரனிடம் ஏழு தடவை கேட்டுவிட்டார். பழசைக் கிளற வேண்டாம் என்று ஏழு தடவையும் பதில் வந்தது.

சான்றிதழுக்காகச் சோதனைக்கு வந்த ஜஹானா மடவளை ஊர்ப் பெண். பாடத்தைக் கடைசிவரை நின்று கேட்டாள். கஜேந்திரன் பெருமையோடு பக்கத்தில் நின்றார். பாடம் அருமை, இந்த விபத்தின் பதிவைக் காட்டுங்கள் என்றாள். புத்தகம் வந்தது. வாசித்துவிட்டு, பொய் சொல்வது இவரா, புத்தகமா என்று கேட்டாள்.

அழகையாவுக்குக் கொஞ்சம் மறதி என்றார் கஜேந்திரன்.

"எங்க வீட்டுல வெறகு வெட்டுறது எம் பொஞ்சாதி நல்லம்மாங்க, மேடம்," என்றார் அழகையா. "அவளுக்குப் பத்து வெரலும் இருக்கு. வேணும்னா எங்க லயத்து வீட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்க."

பதிவு சரியாகும்வரை சான்றிதழ் இல்லை என்று ஜஹானா பேனாவை மூடினாள். வாசல் பலகையில் விபத்தில்லாத நாட்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. இருபத்துநான்கு வருடத்துக்கு முந்திய விபத்தை இன்று எழுதினால் அந்த எண்ணை என்ன செய்வது என்று கஜேந்திரன் கேட்டார். அது உங்கள் பாடு என்றாள்.

கஜேந்திரன் நின்றபடியே சிவப்பு மையில் திருத்தினார்: ரோலர் அறையில், வேலை நேரத்தில், இரண்டு விரல்கள்.

அழகையா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி நிதானமாக வாசித்தார். பிறகு இடது கையை அந்தப் பக்கத்தின்மேல் விரித்து வைத்தார்.

"ரெண்டரைங்க ஐயா. எழுதுறதுதான் எழுதுறீங்க, முழுசா எழுதிடுங்க."