நல்லாருக்குதுங்கண்ணா!

இந்த அதிர்ச்சியை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

சரவணம்பட்டியில் வயலின் கிளாஸ் போகிறேன் என்று ஏற்கெனவே உங்களிடம் புலம்பியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு இந்த வேலை? பிரஷர் குறையுமாம் — ஊருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். நிஜத்தைச் சொல்லட்டுமா? என் மச்சினன் கீபோர்டு வாசிக்கிறான். அவ்வளவுதான்!

எங்கள் பேட்ச்சில் சாமுவேல் அண்ணன் என்று ஒருவர். சூலூரில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். மழையோ வெயிலோ, பஸ் பிடித்து வந்துவிடுவார். ஆனால் வாசிப்பு... ஐயோ சாமி! சுதி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். முடித்ததும் எங்கள் முகத்தையே பார்ப்பார். என்ன சொல்வது? "நல்லாருக்குதுங்கண்ணா" என்போம். டீச்சர் என் மகள் வயதுப் பெண். அவரும், "சூப்பருங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் பிராக்டீஸ் பண்ணுங்க" என்பார். பெரியவர் மனசை நோகடிக்க எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்?

மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை அண்ணன் கல்யாணப் பத்திரிகை நீட்டினார். இரண்டு மாதத்தில் மகளுக்குச் சர்ச்சில் திருமணம்.

"பாப்பா உள்ள நடந்து வாரப்போ நாந்தானுங்க வாசிக்கறேன். அதுக்குத்தானுங்க கத்துக்க வந்ததே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாசிப்பா? அத்தனை ஜனத்துக்கு முன்னாலா?

அவர் குனிந்து வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று "அண்ணா..." என்றேன். திரும்பவில்லை. கத்தினேன். ம்ஹூம். தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"காது சுத்தமா போயிருச்சுங்க தம்பி. தறிச் சத்தம். தறிக்காரங்க வாயசைவப் பாத்தே பேசிக்குவோமுங்க, அதனால யாருக்கும் தெரியறதில்ல. டீச்சரு வயலின் மேல ஸ்டிக்கர் ஒட்டுன எடத்துல வெரல வெப்பேன். தாடையில அதிரும். எப்படி இருக்குதுன்னு உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். நீங்கெல்லாம் நல்லாருக்குதுன்னீங்க... அத நம்பித்தானுங்க பாப்பாகிட்ட வாக்குக் குடுத்துப்போட்டேன்."

உடம்பே கூசிப்போனது. ஆறு மாதமாக மரியாதை என்று நினைத்து நாங்கள் செய்தது... பச்சைத் துரோகம்!

சொல்லிவிட்டேன். "நல்லா இல்லீங்கண்ணா. ஒரு நாளும் நல்லா இருந்ததில்லீங்க."

என் உதட்டையே பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க தம்பி?" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் சூலூர் பஸ்ஸில் நான். அண்ணன் வீட்டில், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி முதலில் வயலின் கம்பிகளை ட்யூன் செய்வேன். பிறகு அண்ணன் எதிரில் உட்காருவேன். சுதி இறங்கினால் கட்டைவிரல் மேலே, ஏறினால் கீழே. என் பிராக்டீஸ் போயிற்று. பிரஷரும் ஏறித்தான் இருக்கிறது.

நேற்று நாலு வரி, பிசிறே இல்லாமல் வாசித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துள்ளி எழுந்து, "நல்லாருக்குதுங்கண்ணா!" என்றேன்.

வில்லைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நெசமாலுமுங்களா தம்பி... இல்ல, மரியாதைக்குங்களா?"