என் பெயரிலேயே இருக்கட்டும்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஜன்னல் திரையை விலக்கியதும் முதலில் தெரிந்தது எதிர்வீட்டுக் காரின் முகப்பிலிருந்து தொங்கிய மின்கம்பி. வின்னிபெக்கின் குளிர்காலத்தில் காரையும் மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் விறைத்துப்போய்க் கிளம்பாது. நான் இங்கே வந்து சில குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. இன்னும் எனக்கு அது குளுக்கோஸ் ஏறும் நோயாளிபோலத்தான் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் பேசினேன். அங்கே மாலை ஆறு நாற்பது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பிரிட்ஜின்மேல் ஒரு பழைய பட்டன் போன் கிடக்கும். என் இந்திய எண் அதில்தான் உயிரோடு இருந்தது. வங்கியும் மியூச்சுவல் பண்டு நிறுவனங்களும் அனுப்பும் ஓடிபி எல்லாம் அங்கேதான் போய் விழும். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, வகுப்பில் வருகை எடுப்பதுபோல ஒவ்வொரு இலக்கமாக வாசிப்பார். சில நாள் வாசிக்க மறுப்பார்.

“யாருட்டயும் சொல்லாதீகன்னு இதுலயே போட்டுருக்கானேத்தா.”

“எனக்குத்தானப்பா வந்துருக்கு.”

“உனக்கு வந்தா உன் போனுக்குல்ல வரணும்?”

அன்று வந்திருந்தது ஓடிபி அல்ல. உங்கள் கேஒய்சி விவரப் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இனிமேல் மாதத் தவணை எடுக்கப்படாது என்ற தகவல். அப்பா ஆங்கிலத்தில் முழுவதையும் வாசித்துவிட்டு, “வாக்கியத்துல ஒரு தப்பு இருக்கு” என்றார்.

மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது தொடங்கிய முதலீடு அது. சம்பளம் குறைவு, தவணையும் குறைவுதான். ஆனால் அதைத் தொடங்கியதற்குக் காரணம் லாபக் கணக்கு அல்ல. அந்த வருடம் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்க வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அவன் பெயரில்தான் ரசீது. நான் சம்பாதிக்கிறேன், என் பெயரிலும் ஒரு வரி போடுங்கள் என்றேன். வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார். “பொம்பளப் பிள்ளைக்குத் தலைக்கட்டு ஏதும்மா? குடுக்கணும்னா காணிக்கையா உண்டியல்ல போட்டுட்டுப் போங்க.” உண்டியல் பெயர் கேட்காது. மறுவாரமே காரைக்குடி வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கி, இரண்டு பண்டுகளுக்குத் தவணை எழுதிக் கொடுத்தேன். வீடு அப்பா பெயரில், ரேஷன் அட்டை அம்மா பெயரில், வண்டி தம்பி பெயரில். அந்த வட்டாரத்தில் என் பெயர் தனியாக நின்ற ஒரே இடம் அந்தக் கணக்கு.

நிறுத்தி வைத்தது ஏன் என்று பண்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதிவில் நான் இந்தியாவில் வசிப்பவள் என்று இருக்கிறது, மற்ற ஆவணங்களோடு அது பொருந்தவில்லை என்றார்கள். நாடு மாறியவுடனே மாற்றியிருக்க வேண்டிய விவரம். எங்கே வசிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டு அனுப்பியபோது, பட்டன் போன் கைவசம் இருந்ததால், தம்பி அருளே என் சார்பில் பதில் போட்டு முடித்திருக்கிறான். கேட்டால் கோபம் அவனுக்குத்தான் வந்தது.

“வெளிநாட்டுக்காரின்னு என் கையால எப்படிக்கா போடுறது? மாடிக்குப் போனா குன்னக்குடி மலை தெரியும், அந்த வீட்டுல பொறந்தவ நீ.”

“மலை தெரியுதான்னு அவன் கேக்கலடா. எங்க இருக்கேன்னுதான் கேட்டான்.”

“சரி விடு. எல்லாத்தையும் வித்து என் கணக்குல போட்ரு. நான் என் பேருல வாங்கி வச்சுக்கிறேன். எப்பக் கேட்டாலும் தாரேன். நாளைக்கு நீ ஊருக்கு வந்தா உன்னயப் பாக்கப்போறது நான்தானே?”

அவன் ஏமாற்றுகிறவன் இல்லை. அதை எழுதியே ஆகவேண்டும். என் பணம் அவனிடம் பத்திரமாகவே இருக்கும். என் பெயர் இருக்காது. அவனுக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. பெயரைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இங்கே என் வரிக் கணக்கைப் பார்ப்பவர் வெள்ளைக்காரர், கண்ணியமானவர். வெளிநாட்டுச் சொத்து ஒரு வரம்பைத் தாண்டினால் இந்த அரசுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, ஊரில் அந்தக் கணக்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். அப்பா என்றேன். அப்படியானால் அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறீர்களா என்றார். இல்லை, சிம் கார்டு கொடுத்திருக்கிறேன் என்றேன். நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்தார்; நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “விற்றுவிடுங்கள். உங்கள் வாழ்க்கை எளிதாகும்” என்றார். எளிதாக வாழ்வதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். தம்பியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு கண்டங்களிலிருந்து ஒரே யோசனை.

புலம்பெயர்ந்தவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சோர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அண்ணன் பெயர், மச்சான் பெயர், கூட்டுக் கணக்கு, ஏதோ ஒன்று. பெண்கள் இன்னும் சீக்கிரம் போட்டுவிடுகிறோம். நான் போடவில்லை. விமானச் சீட்டு எடுத்தேன்.

காரைக்குடி கிளையில் எனக்கு வாய்த்த அதிகாரி இளம்பெண். “எப்ப வந்தீக மேடம்?” என்று தொடங்கி, பாஸ்போர்ட்டையும் விசாவையும் புரட்டினார். சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும், பிறகு அதே நிலையைப் பண்டு பதிவிலும் மாற்ற வேண்டும் என்றார். கனடாவில் இருப்பவர்களிடம் புதுப்பணம் வாங்க ஒரு பண்டு நிறுவனம் மறுத்தது. பழைய யூனிட்டுகள் அப்படியே இருக்கலாம் என்றது. இன்னொன்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தவணையைத் தொடரலாம் என்றது. துணைக்கு வந்திருந்த அருள் அதிகாரியின் மேஜைப்பக்கம் சாய்ந்தான்.

“ஜாயின்ட்டா என் பேரையும் சேத்துட்டா சௌகரியமா இருக்கும்ல மேடம்?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “சேக்கணுமா மேடம்?”

“வேண்டாம்.”

“அவசர ஆத்திரத்துக்குக்கா…”

“அவசரம்னா போன் போடு. பணம் அனுப்புறேன். பேரு என் பேருதான்.”

அருள் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். அதிகாரி தலையைத் தூக்காமல், “எங்கண்ணனும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருக்கு” என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்தார். நான் இந்தியாவில் வசிக்கவில்லை என்று காரைக்குடியில் உட்கார்ந்து ஒவ்வொரு குறியிலும் கையெழுத்துப் போட்டேன். வசிக்கிறேன் என்று தம்பி சொன்ன பொய்யைவிட, வசிக்கவில்லை என்ற என் உண்மைதான் என்னை அந்த ஊரோடு அதிகம் கட்டியது. ஓடிபி போகும் எண்ணையும் வின்னிபெக் எண்ணாக மாற்றச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அரியக்குடி ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திய அருள், ரயில் போகும்வரை காத்திருந்துவிட்டு, “டீ குடிக்கிறியாக்கா?” என்றான். குடித்தோம்.

நான் கனடா திரும்பும் முன்பே புது பாஸ்புக் வந்தது. பெயர் இருக்கும் வரியில் என் பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே, வசிக்கும் நாடு: கனடா. கிளை: காரைக்குடி.